ஆர்க்கிட்டின் அங்க அடையாளங்கள்



நம் எல்லோர் வீட்டுப் பெட்டியிலும் பள்ளிக்கூடச் சான்றிதழ் ஒன்று இருக்கும். அதில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு வரி. வகுப்பாசிரியர் நம் கையைத் திருப்பிப் பார்த்து, ‘வலது முழங்கையில் ஒரு மச்சம்’ என்று எழுதியிருப்பார். அன்றைக்கு என்ன நிறச் சட்டை போட்டிருந்தோம் என்று எழுதினாரா? தலையை எப்படி வாரியிருந்தோம் என்று எழுதினாரா? இல்லை. சட்டை மாறும், மச்சம் மாறாது. ஆர்க்கிட் செடிக்குப் பெயர் கண்டுபிடிப்பதும் இதே வேலைதான். எது சட்டை, எது மச்சம்? இதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, நாம் சொன்ன பெயர் சரிதானா என்று சோதிப்பது. இந்த இரண்டையும் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்கு ஆர்க்கிட் புதிதல்ல. ‘தொற்றுத் தாவரத்துக்கு எடுத்துக்காட்டு: வாண்டா. அதன் வேரில் வெலாமன் திசு உண்டு.’ இரண்டு மதிப்பெண்! அந்த இரண்டு மதிப்பெண்ணோடு பலருக்கும் உறவு முடிந்துவிட்டது. ஆனால், உலகில் ஏறக்குறைய 28,000 ஆர்க்கிட் சிற்றினங்கள் இருக்கின்றன. மரத்தில் ஒட்டி வளர்பவை, பாறையில் வளர்பவை, புல்வெளி மண்ணில் கிழங்கு விட்டு வளர்பவை, பச்சையமே இல்லாமல் பூஞ்சையின் தயவில் வாழ்பவை என்று அத்தனை வகை. இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு செடியை மட்டும் எப்படி அடையாளம் காண்பது?

சற்று முன் எனக்கு ஒரு பூங்கொத்து தந்தீர்கள். ரோஜாவுக்கு நடுவே ஊதாவும் வெள்ளையுமாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, கல்யாண மேடைகளில் எல்லாம் பார்க்கிறோமே, இது டென்ட்ரோபியம். பூங்கொத்து தந்தவர் என்னை மன்னிக்க வேண்டும். இதிலிருந்து ஒரு பூவைப் பிய்க்கப் போகிறேன்.

வெளியே மூன்று புல்லி இதழ்கள். உள்ளே மூன்று அல்லி இதழ்கள். அந்த மூன்றில் இரண்டு ஒன்றுபோல் இருக்கின்றன. மூன்றாவது மட்டும் வடிவத்தில் வேறு, நிறத்தில் வேறு. இதுதான் உதட்டிதழ், தாவரவியலார் லேபெல்லம் என்பார்கள். பூச்சி வந்து உட்காரும் இடம் இது. இப்போது காம்பைப் பாருங்கள், முறுக்கேறி இருக்கிறது. மொட்டாக இருந்தபோது இந்த உதட்டிதழ் மேல்பக்கம்தான் இருந்தது. மலர்வதற்குள் காம்பும் சூற்பையும் 180 டிகிரி திரும்பி அதைக் கீழே கொண்டுவந்துவிட்டன.

இனி நடுப்பகுதிக்கு வருவோம். லில்லிப் பூவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மகரந்தத்தாள்கள் தனித்தனியே நிற்கும், நடுவில் சூலகத்தண்டு தனியே நிற்கும். இதில் அப்படி ஏதாவது தெரிகிறதா? ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு குட்டைத் தூண்தான் நிற்கிறது. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாக இணைந்துபோய் இந்தத் தூண் ஆகியிருக்கிறது. கையில் இருப்பது ஆர்க்கிட்தானா என்று சந்தேகம் வந்தால் இதழைப் பார்க்காதீர்கள், மணத்தைப் பார்க்காதீர்கள், இந்தத் தூணைத் தேடுங்கள்.

தூணின் நுனியில் ஒரு சின்ன மூடி. பல்குச்சியை அடியில் கொடுத்து மெல்ல மேல்நோக்கித் தூக்குகிறேன். கழன்று வந்துவிட்டது. குச்சி நுனியில் மஞ்சளாக ஒட்டியிருப்பது என்ன? மகரந்தம்தான். ஆனால் தூளாகக் கொட்டவில்லை. மெழுகுபோல் கட்டிகட்டியாக இருக்கிறது. இதற்குப் பொலினியம் என்று பெயர். எண்ணுகிறேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டிரண்டாகச் சேர்ந்து மொத்தம் நான்கு. காம்பு கிடையாது. பூவைப் பின்பக்கம் திருப்பினால், பக்கப் புல்லி இதழ்கள் இரண்டும் தூணின் அடியோடு சேர்ந்து முகவாய்க்கட்டை போலப் புடைத்திருக்கின்றன. நான்கு கட்டிகள், காம்பில்லை, பின்னால் முகவாய். டென்ட்ரோபியம் பேரினத்தின் மச்சங்கள் இவை. ஊதா நிறம்? அது சட்டை.

நண்பர்களே, நிறத்தை நம்பி ஏமாந்தவர்கள் எண்ணற்றோர். நம் ஊர் வறண்ட காடுகளில் மரக்கிளைகளில் வளரும் வாண்டா டெசலேட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செடியில் இதழ் பச்சை கலந்த மஞ்சள், இன்னொன்றில் பழுப்பு. ஒன்றில் உதட்டிதழ் நீலம், அடுத்ததில் கத்தரிப்பூ நிறம், வேறொன்றில் இளஞ்சிவப்பு. மூன்றுக்கும் மூன்று பெயர் வைக்கத் தோன்றும். ஆனால் இதழில் கட்டம் கட்டமாக ஓடும் வலைக்கோடு, வெளிப்புறத்து வெள்ளை, உதட்டிதழின் அமைப்பு, அடியிலுள்ள குட்டையான கூம்பு, இவை எல்லாச் செடிகளிலும் ஒன்றுபோல் இருக்கும்.

நேர்மாறாக ஒன்று சொல்கிறேன். அசாமில் பிகு நடனமாடும் பெண்கள் கொண்டையில் செருகும் கொபோ பூவைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா. வெள்ளையும் ரோஸும் கலந்து வால்போல் தொங்கும் பூங்கொத்து. இது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் நூலிலேயே இதன் படம் இருக்கிறது. அதே மலைகளில் ஏரிடிஸ் என்ற பேரினமும் வளர்கிறது. அதே வார் போன்ற இலை, அதே ரோஸ் நிறம், அதே மாதிரி தொங்கும் கொத்து. சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எப்படிப் பிரிப்பது? ஒரு பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். ஏரிடிஸில் தேன்குழல் கொம்புபோல் முன்பக்கம் வளைந்திருக்கும். உதட்டிதழ் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். ரிங்கோஸ்டைலிஸில் தேன்பை பின்நோக்கி அழுந்தியிருக்கும். உதட்டிதழில் மடல் கிடையாது. முன்னால் வளைந்ததா, பின்னால் தள்ளியதா? இந்த ஒரு கேள்வி போதும். ஆனால் நம் ஆட்கள் எடுக்கும் படங்கள் நூற்றுக்குத் தொண்ணூறு நேர்முகமாகத்தான் இருக்கின்றன. திருமணப் புகைப்படம் எடுக்கிற பழக்கம் விடமாட்டேன் என்கிறது!

சில இடங்களில் கண் போதாது, எண்ணத் தெரிய வேண்டும். எரியா என்ற பேரினம் டென்ட்ரோபியத்தின் தோற்றத்தில் இருக்கும். அதிலும் பின்னால் முகவாய் உண்டு. மூடியைத் தூக்கிப் பார்த்தால் டென்ட்ரோபியத்தில் நான்கு கட்டிகள், எரியாவில் எட்டு. இதற்குக் கைலென்ஸ் ஒன்று போதும். வேறு சில இடங்களில் பூ எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே விடை. மழைக்காலத்தில் நீலகிரிப் புல்வெளிகளில் இளஞ்சிவப்புக் கதிராக நிற்குமே சாட்டிரியம் நேபாளென்சி, அதில் உதட்டிதழைக் கீழே தேடினால் கிடைக்காது. மேலே முக்காடு போட்டதுபோல் கவிந்திருக்கும். அதன் முதுகில் ஒன்றல்ல, இரண்டு தேன்குழல்கள் தொங்கும். உதடு கீழே இருக்கும் என்று புத்தகத்தில் படித்ததை வைத்துக்கொண்டு போனவர் அங்கே திண்டாடுவார்.

இதுவரை கேட்டுவிட்டு, ‘அடையாளம் தெரிந்துவிட்டால் தவறே வராதல்லவா?’ என்று நினைப்பீர்கள். வரும். தலைசிறந்தவர்களுக்கே வந்தது. அந்தக் கதையைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆர்க்கிட் உலகின் தலைமைப் புலவர் ஜான் லிண்ட்லி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளைப் பார்த்து அவர் மூன்று பேரினங்களை ஏற்றிருந்தார்: கேட்டசீட்டம், மோனகாந்தஸ், மையாந்தஸ். மூன்றின் பூக்களும் வேறு வேறு. யார் பார்த்தாலும் வேறு என்றுதான் சொல்வார்கள். பிரிட்டிஷ் கயானாவில் சுற்றிக்கொண்டிருந்த ராபர்ட் ஷோம்பர்க் 1830-களில் ஒரு செய்தி அனுப்பினார். என்ன செய்தி? அந்த மூன்று பூக்களும் ஒரே செடியில் பூத்திருக்கின்றன! அறிஞர்கள் ஆடிப்போனார்கள். ஒரே செடியில் மூன்று பேரினமா? அப்படியானால் பேரினம் என்ற சொல்லுக்கே பொருள் என்ன?

ஷோம்பர்க் இன்னொன்றையும் கவனித்திருந்தார். கேட்டசீட்டம் பூக்கும் செடிகள் நூற்றுக்கணக்கில் இருந்தும் அவற்றில் காய் பிடித்து அவர் பார்த்ததில்லை. மோனகாந்தஸிலோ காய்கள் பெரிது பெரிதாக இருந்தன. இந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனவர் சார்லஸ் டார்வின். பூவை அறுத்தார், தூணைப் பார்த்தார், சூலகத்தைப் பார்த்தார். 1862-இல் லண்டனில் லின்னேயன் சங்கத்தில் விடை சொன்னார்: கேட்டசீட்டம் ஆண் பூ, மோனகாந்தஸ் பெண் பூ, மையாந்தஸ் இருபால் பூ. எல்லாம் ஒரே செடியின் வடிவங்கள். அரங்கம் அதிர்ந்திருக்கும் அல்லவா?

கதை அங்கே முடியவில்லை. 1891-இல் லண்டன் கியூ தாவரத் தோட்டத்து ஆய்வாளர் ரால்ஃப் அந்த மாதிரிகளையெல்லாம் மீண்டும் எடுத்துப் பார்த்தார். ஆண், பெண் என்று டார்வின் கண்டது சரி. ஆனால் கேட்டசீட்டம் சிற்றினங்கள் பலவற்றின் ஆண் பூக்கள் வேறு வேறாக இருக்க, பெண் பூக்கள் மட்டும் கிட்டத்தட்ட ஒரே அச்சில் இருக்கின்றன. அதனால் ஒரு சிற்றினத்தின் பெண் பூவை இன்னொன்றின் கணக்கில் எழுதிவிட்டார்கள். இருபால் பூ என்று டார்வின் நினைத்த மையாந்தஸ் வேறொரு சிற்றினத்தின் ஆண் பூ! லிண்ட்லியை டார்வின் திருத்தினார், டார்வினை ரால்ஃப் திருத்தினார். எப்படித் திருத்த முடிந்தது? பார்த்த பூ அலமாரியில் பத்திரமாக இருந்தது. படம் இருந்தது. எந்த ஊரில், யார் எடுத்தது என்ற குறிப்பு இருந்தது. அவை இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்திருந்தால் ரால்ஃப் எதை வைத்துச் சரிபார்த்திருப்பார்?

சரிபார்த்தல் என்பது இதுதான். ஒரு சிற்றினத்துக்கு முதன்முதலில் பெயர் வைக்கும்போது, ‘இந்தப் பெயர் இந்தச் செடிக்கு’ என்று ஒரு மாதிரியை உலர்தாவரக் காப்பகத்தில் வைக்கிறார்கள். அதற்கு வகைமாதிரி என்று பெயர். பிறகு எவர் வீட்டு மரத்தில் எது பூத்தாலும், கடைசித் தீர்ப்பு அந்த மாதிரியோடு ஒப்பிட்டுத்தான். இப்போது டி.என்.ஏ. ஆய்வு வந்திருக்கிறது. எரியாவைப் பல துண்டாக்கியிருக்கிறார்கள், அஸ்கோசென்ட்ரம் என்ற பேரினத்தை வாண்டாவுக்குள் சேர்த்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த டி.என்.ஏ. எந்தச் செடியிலிருந்து வந்தது? அந்தச் செடியின் மாதிரி எங்கே? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் எந்த இயந்திரம் அச்சடித்துத் தந்தாலும் அந்த முடிவை நான் நம்பத் தயாரில்லை.

ஆர்க்கிட் விஷயத்தில் ஒரு தொல்லை உண்டு. பூ சதைப்பற்றானது, முப்பரிமாணம் கொண்டது. தாளுக்கிடையில் வைத்து அழுத்தினால் தூண் நசுங்கும், தேன்குழல் மடங்கும், நிறம் போய்ப் பழுப்பாகும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இரண்டொரு பூவை ஆல்கஹாலும் சிறிது கிளிசரினும் கலந்த திரவத்தில் போட்டு வைப்பார்கள். நிறம் அதிலும் போய்விடும், ஆனால் வடிவம் நிற்கும். நிறத்தையும் மணத்தையும் அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும்.

வடிவத்தைக் காப்பாற்ற இன்னொரு வழி ஓவியம். இந்த இடத்தில் கோவைக்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1840-களில் பருத்தி ஆராய்ச்சிக்காக இந்த ஊரில்தான் இருந்தார். பருத்தி வளர்ந்ததோ இல்லையோ, அவருடைய தாவர நூல் வளர்ந்தது: ஆறு தொகுதிகள், 2,101 படங்கள். வரைந்தவர்கள் யார்? ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. நம்மவர்கள். ஆர்க்கிட் படங்களில் செடியை மட்டுமா வரைந்தார்கள்? ஓரத்தில் பூவைப் பிரித்து, உதட்டிதழ் தனியாக, தூண் தனியாக, பொலினியம் தனியாகப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். இன்றும் அந்தப் படத்தை வைத்து ஒரு செடியைச் சரிபார்க்கலாம்.

கோவிந்துவின் கைத்திறனுக்கு மரியாதையாக வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியா என்று பெயர் சூட்டினார். அந்தக் காலத்தில் ஒரு துரை ஓர் இந்திய ஓவியருக்குச் செய்த மரியாதை இது! ஆனால் பிறகு சரிபார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? அந்தச் செடி ட்ராபிடியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பெயரை லிண்ட்லி 1833-லேயே வைத்துவிட்டார். முந்தி வைத்த பெயருக்கே உரிமை என்பது விதி. கோவிந்துவின் பெயர் ஒத்தபெயர்ப் பட்டியலுக்குப் போய்விட்டது. எனக்கு வருத்தம்தான். ஆனால் விதி கோவிந்துவுக்கும் கோமகனுக்கும் ஒன்றுதான். இதே ஊரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் மெட்ராஸ் உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. தென்னிந்தியச் செடி எதையும் ஒப்பிட்டுப் பார்க்க முதலில் போக வேண்டிய இடம் அது. மாணவர்களே, உங்களில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறீர்கள்?

மாதிரி இருந்தால் மட்டும் போதாது, அதைப் பார்க்க விட வேண்டும். லிண்ட்லிக்குப் பிறகு அந்தப் பீடத்தில் அமர்ந்தவர் ஜெர்மானியரான ரைகன்பாக். உலகமே அவருக்குப் பூ அனுப்பியது, அவரும் ஆயிரக்கணக்கில் பெயர் வைத்தார். 1889-இல் இறந்தார். உயிலைப் பிரித்தார்கள். தம் சேகரிப்பு முழுவதும் வியன்னா அருங்காட்சியகத்துக்கு. ஆனால் 25 ஆண்டுகள் யாரும் திறந்து பார்க்கக் கூடாது! கியூவில் ரால்ஃபை ஆர்க்கிட் பணிக்கு அமர்த்தியதில் அவருக்கு இருந்த கோபம்தான் காரணம் என்பார்கள். கால் நூற்றாண்டு பூட்டு. அதற்குள் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? அவர் ஏற்கெனவே பெயர் வைத்த செடிகளுக்கே, தெரியாமல், புதுப்பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதரின் கோபத்துக்கு ஆர்க்கிட் பட்டியல் கட்டிய அபராதம் அது.

இனி, கையில் இருக்கும் இந்தப் பூவின் சிற்றினப் பெயரைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்கலாம். டென்ட்ரோபியம் வரை வந்தோம், அதற்கு மேல்? அதற்கு மேல் பெயரில்லை. ஏனென்றால் பூக்கடைக்கு வருபவை பெரும்பாலும் கலப்பினங்கள். தலைமுறை தலைமுறையாகக் கலந்து கலந்து உருவாக்கியவை. இங்கிலாந்தில் ஜான் டொமினி என்ற தோட்டக்காரர் செயற்கையாக உண்டாக்கிய முதல் கலப்பின ஆர்க்கிட், ஒரு கலாந்தி, 1856-இல் பூத்தது. அதைக் கண்ட லிண்ட்லி, தாவரவியலாருக்குப் பைத்தியம் பிடிக்க வைப்பீர்கள் போலிருக்கிறதே என்று சொன்னாராம். சிங்கப்பூரின் தேசிய மலர் ஒரு கலப்பினம்தான். ஆக்னஸ் ஜோவாகிம் என்பவரின் தோட்டத்தில் கிடைத்த அந்தச் செடியை 1893-இல் தாவரவியலார் ரிட்லி ஆராய்ந்தபோது, இரண்டு வாண்டாக்களின் சாயல் அதில் கலந்திருப்பதைக் கண்டு பெற்றோர் இன்னார் என்று சொன்னார். பெற்றோர் தெரிந்தால் அப்படிச் சொல்லலாம். தெரியாத கடைப்பூவைக் கொண்டுவந்து, காட்டில் வளரும் ஏதோ ஒரு சிற்றினத்தின் பெயரை ஒட்டுவது பொய்ச்சான்று.

பூவைப் பறிக்காமல் எப்படி இதையெல்லாம் பார்ப்பது என்று ஒரு தங்கை சீட்டு அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. காட்டில் பறிக்கவே கூடாது. பறிக்க அனுமதியும் கிடையாது. படம் எடுங்கள். முன்னால், பக்கவாட்டில், பின்னால். தேன்குழலுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து. தூணை நெருக்கமாக. பிறகு இலை நுனி, தண்டு, வேர், முழுச்செடி, அது நிற்கும் மரம். பூங்கொத்து தண்டின் நுனியிலிருந்து வருகிறதா, பக்கத்திலிருந்து வருகிறதா என்பது படத்தில் தெரிய வேண்டும். ஓபரோனியா போன்றவற்றில் பூவே கடுகளவுதான். அங்கே கைபேசி தோற்றுப்போகும், ஆய்வாளர்கள் நுண்ணோக்கிக்குப் போவார்கள்.

பூ இல்லாத செடியானால்? ஏரிடிஸ், ரிங்கோஸ்டைலிஸ், வாண்டா மூன்றின் இலையும் வார்போல்தான், மூன்றின் வேரும் தடித்துத் தொங்கும். இலையை வைத்து உறுதியாகப் பெயர் சொல்பவரிடம் சற்றுத் தள்ளியே நில்லுங்கள். இது வெறும் புலமைச் சண்டை இல்லை. அகத்திய மலையில் மட்டும் வளரும் சீமாட்டிச் செருப்பு ஆர்க்கிட் ஒன்று உண்டு, பாஃபியோபெடிலம் ட்ரூரியை. தென்னிந்தியாவின் ஒரே சீமாட்டிச் செருப்பு அது. மஞ்சள் இதழ், நடுவில் ஒரு பழுப்புக் கோடு. அளவுமீறிப் பிடுங்கப்பட்டு, அழிந்தே போயிற்று என்று நினைத்து, 1972-இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். பாஃபியோபெடிலம் முழுவதும் பன்னாட்டு வணிகத் தடையின் முதல் பட்டியலில் இருக்கிறது. மற்ற ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவற்றை உரிய அனுமதிச் சான்றோடு விற்கலாம். காட்டிலிருந்து எடுத்த இதை எல்லை தாண்டி விற்கவே முடியாது.

கடத்துகிறவன் பூவோடா கடத்துவான்? பெட்டியைத் திறக்கும் சுங்க அதிகாரிக்குக் கிடைப்பது இலையும் வேரும்தான். பேரினத்தைச் சொல்லிவிடலாம். எந்தச் சிற்றினம், எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று சொல்வது கடினம். அதற்குப் பூ வேண்டும். இந்தக் குடும்பத்தின் பெரும்பாலான பூக்களில் ஒரே ஒரு வளமான மகரந்தத்தாள்; சீமாட்டிச் செருப்பிலோ தூணின் இருபக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு. நடுவில் கேடயம்போல் ஒரு மலட்டு மகரந்தத்தாள். அந்தக் கேடயத்தின் விளிம்பும் மேடும் பள்ளமும்தான் ஒவ்வொரு சிற்றினத்தின் மச்சம். ஆகவே கைப்பற்றிய செடியை நட்டு, நீர் ஊற்றி, பூக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதுவரை ஏட்டில் பேரினப் பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் ‘சிற்றினம் உறுதியாகவில்லை’ என்று எழுதுவதே முறை.

கைலென்ஸ்களும் பல்குச்சிகளும் வெளியே மேசையில் இருக்கின்றன. பூக்கடையில் வாங்கிய டென்ட்ரோபியமும் தட்டு நிறைய இருக்கிறது. ஆளுக்கொரு பூ எடுத்து மூடியைத் தூக்கிப் பாருங்கள். நான்குக்குப் பதில் வேறு எண்ணிக்கை வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.